மார்க்கத்தில் கேள்வி கேட்கலாமா? அடிக்கடி வரும் சந்தேகங்களும் பதில்களும்

சிங்கப்பூரில் தமிழில் நடக்கும் வார இறுதி மத்ரசா வகுப்பு ஒன்றில் கூடமாட உதவிக்கு நிற்பவன் நான். ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில்தான் பெற்றோரும் பிள்ளைகளும் பிடித்துக்கொள்வார்கள். "தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு கேக்கணும்" என்றுதான் முக்கால்வாசிப் பேர் தொடங்குவார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டத் தீர்ப்பு வேண்டுமென்றால் இந்தப் பக்கம் போதாது; யாரிடம் போவது என்பது 10-ஆம் பதிலில் இருக்கிறது.

1. இஸ்லாத்துல கேள்வி கேக்கலாமா, கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கேட்கலாம். குர்ஆனில் "உம்மிடம் கேட்கிறார்கள்" என்று தொடங்கும் வசனங்கள் பல. பிறையைப் பற்றி, மதுவைப் பற்றி, அநாதைகளைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி மக்கள் கேட்டார்கள்; பதில் இறங்கியது. வானவர் ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் (இறைநம்பிக்கை) என்றால் என்ன என்று நபிகள் நாயகத்திடம் (ஸல்) வரிசையாகக் கேட்ட ஹதீஸ் (நபிமொழி) பிரபலமானது. அவர் போன பிறகு, "உங்களுக்கு மார்க்கத்தைக் கற்றுத்தர வந்தார்" என்றார்கள் நபியவர்கள். பாடம் நடந்தது முழுக்கக் கேள்வி வழியாகத்தான்.

இப்ராஹீம் நபி இன்னும் ஒரு படி மேலே போனவர். "இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய், எனக்குக் காட்டு" என்று இறைவனிடமே கேட்டார் (2:260). "நீ நம்பவில்லையா?" "நம்புகிறேன். என் மனம் அமைதியடைய வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்." இதற்குக் கண்டிப்பு வரவில்லை. நான்கு பறவைகளை வைத்துக் கண்முன்னே காட்டித் தருவதாகப் பதில் வந்தது.

2. அப்ப "கேள்வி கேக்காதீங்க"ன்னு ஒரு ஆயத்து இருக்கே, அது?

இருக்கிறது: "வெளிப்படுத்தப்பட்டால் உங்களுக்கு வருத்தம் தரும் விஷயங்களைப் பற்றிக் கேட்காதீர்கள்" (5:101). அது எந்தச் சமயத்தில் இறங்கியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிலர் நபியவர்களைச் சோதிக்கிற மாதிரி, "என் தகப்பன் யார்?", "தொலைந்த என் ஒட்டகம் எங்கே?" என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சமயம் ஹஜ் கடமை என்று அறிவித்ததும் ஒருவர் "ஒவ்வொரு வருடமுமா?" என்று விடாமல் கேட்டார். "ஆம் என்று சொல்லியிருந்தால் அது கடமையாகியிருக்கும், உங்களால் முடியாமல் போயிருக்கும்" என்றார்கள் நபியவர்கள்.

ஆக, அங்கே தடுக்கப்பட்டவை வீண் சோதனையும், இல்லாத சுமையைக் கேட்டு வாங்கிக்கொள்வதும். ஒரு மாட்டை அறுக்கச் சொன்னதற்கு வயது என்ன, நிறம் என்ன என்று இழுத்து இழுத்துக் கேட்டுத் தங்களுக்கே சிக்கலை உண்டாக்கிக்கொண்டவர்களின் கதை இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது (2:67-71). புரிந்துகொள்ளக் கேட்பவரை இந்த வசனத்தைக் காட்டி வாயடைப்பது சரியில்லை.

3. மனசுல சந்தேகம் வந்தாலே ஈமான் போயிடுமா? பயமா இருக்கு.

போகாது. தோழர்கள் சிலர் நபியவர்களிடம் வந்து, "வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் எங்கள் மனசில் வருகின்றன" என்றார்கள். "அப்படி உணர்கிறீர்களா? அதுதான் தெளிவான ஈமான்" என்று பதில் வந்தது. இது இமாம் முஸ்லிம் தொகுத்த நூலில் உள்ள ஹதீஸ். எண்ணம் வருவது ஒன்று. அதை நினைத்துப் பதறுவது வேறொன்று. அந்தப் பதற்றமே நம்பிக்கை உள்ளே இருப்பதற்கு அடையாளம்.

இமாம் கஸ்ஸாலி (1058-1111) இதைத் தன் வாழ்க்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார். கண்ணால் பார்ப்பதை நம்பலாமா, அறிவு சொல்வதை நம்பலாமா என்று எல்லாவற்றையும் சந்தேகித்து, ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த நிலையிலேயே கிடந்ததாகச் சொல்கிறார். வாதம் போட்டு வெளியே வரவில்லை, இறைவன் உள்ளத்தில் இட்ட ஒளியால் வந்தேன் என்கிறார். "இஸ்லாத்தின் ஆதாரம்" என்று பட்டம் பெற்றவருக்கே இந்த நிலை வந்திருக்கிறது.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒளூ (தொழுகைக்கு முன் கழுவும் சுத்தம்) முறிந்ததோ இல்லையோ என்று திரும்பத் திரும்பக் கழுவுவது, ஒரே கெட்ட எண்ணம் நாள் முழுக்கச் சுழல்வது, தூக்கம் போவது என்றால் அதற்குப் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) மட்டும் மருந்தாகாது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரைப் பார்ப்பதால் ஈமானுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.

4. "அல்லாவை யார் படைச்சா?"ன்னு என் ஏழு வயசு மக கேட்டுட்டா. என்ன சொல்ல?

முதலில் அதட்டாதீர்கள். இந்தக் கேள்வி மனிதர்களுக்கு வரும் என்று நபியவர்களே முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்: இதைப் படைத்தது யார், அதைப் படைத்தது யார் என்று ஷைத்தான் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் "உன் இறைவனைப் படைத்தது யார்" என்பான், அங்கே அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி நிறுத்திக்கொள்ளுங்கள் என்று. ஏன் அங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குக் காரணமும் உண்டு. ஒரு கையெழுத்துக்காக முதல் கவுண்டருக்குப் போகிறீர்கள். அவர் "அடுத்தவர் போட்டால்தான் நான் போடுவேன்" என்கிறார். அடுத்தவரும் அதையே சொல்கிறார். வரிசைக்கு முடிவே இல்லையென்றால் உங்கள் தாளில் கையெழுத்து விழவே விழாது. விழுந்திருக்கிறது என்றால், யாரையும் கேட்காமல் போடக்கூடிய ஒருவர் எங்கோ இருக்கிறார். உலகம் இருக்கிறது, ஆகவே படைக்கப்படாத ஒருவன் இருந்தாக வேண்டும் என்பதுதான் கலாம் (இறையியல்) அறிஞர்கள் விரிவாகச் சொன்ன வாதத்தின் சாரம்.

ஏழு வயசுக்கு இவ்வளவு வேண்டாம். "தொடக்கம் இருக்கிறதைத்தான்மா ஒருத்தர் உண்டாக்கணும். அல்லாவுக்குத் தொடக்கமே இல்ல" என்றால் போதும். அவள் "ஏன் இல்ல?" என்று கேட்டால், "நல்ல கேள்வி, பெரியவங்களே ரொம்ப நாளா யோசிக்கிற கேள்வி" என்று சொல்லுங்கள். பொய் இல்லையே.

5. எங்க வாப்பா "பெரியவங்க சொன்னாக் கேளு"ன்னு முடிச்சுடுறார். எதிர்த்துக் கேட்டா பாவமா?

முன்னோர் செய்தார்கள் என்பது மட்டும் ஆதாரமாகாது என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது (2:170 ஓர் உதாரணம்). ஆனால் தகப்பனிடம் எப்படிக் கேட்பது என்பதற்கும் அதே குர்ஆன் வழி காட்டுகிறது. சிலை வணங்கிய தன் தந்தையோடு இப்ராஹீம் நபி வாதம் செய்யும் வசனங்களைப் (19:42-45) பாருங்கள். நான்கு வசனங்கள், நான்கும் "என் தந்தையே" என்றுதான் தொடங்குகின்றன. "கேட்காததையும் பார்க்காததையும் ஏன் வணங்குகிறீர்கள்?" என்று கேள்வி கூர்மையாகவே இருக்கிறது, குரல்தான் தணிந்திருக்கிறது. தந்தை கல்லால் அடிப்பேன் என்று மிரட்டியபோதும் "உங்கள் மீது ஸலாம்; உங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்பேன்" என்று சொல்லி விலகுகிறார்.

உங்கள் வாப்பா மார்க்கத்தை மறைக்கவில்லை. அவருக்கு யாரும் காரணம் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான். "எனக்குத் தெரியலடா, வா, ஹஸ்ரத்கிட்ட (ஆலிமிடம்) ரெண்டு பேரும் போய்க் கேப்போம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பாதி வீட்டுச் சண்டை குறையும் என்பது என் எண்ணம்.

6. பையன் கேக்குற கேள்விய கேட்டா எனக்குக் கோபம்தான் வருது. அசிங்கமாக் கேக்குறான்.

ஓர் இளைஞர் நபியவர்களிடம் வந்து, "விபசாரம் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள்" என்றே கேட்டார். சபையில் இருந்தவர்கள் அதட்டினார்கள். நபியவர்கள் அவரைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்து, "உன் தாய்க்கு இதை விரும்புவாயா? மகளுக்கு? சகோதரிக்கு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்றார் அவர். "மற்றவர்களும் அப்படித்தான், தங்கள் தாய்க்கு விரும்ப மாட்டார்கள்" என்று சொல்லி, அவர் மேல் கைவைத்து துஆ (பிரார்த்தனை) செய்தார்கள். உங்கள் மகன் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

7. பெண்கள் இதையெல்லாம் கேக்கலாமா? வெட்கமா இருக்கு.

கேட்கலாம். மார்க்கத்தைத் தெரிந்துகொள்ள வெட்கம் தடையாக நிற்காததற்காக மதீனத்து அன்ஸாரிப் பெண்களை நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) பாராட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் உஸ்தாதாக்கள் (பெண் மார்க்க ஆசிரியர்கள்) நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆண்களிடம் கேட்கத் தயங்கினால் அவர்களிடம் போங்கள்.

8. நபி சொன்னதையே யாராவது கேள்வி கேட்டிருக்காங்களா? அது எப்படி முடியும்?

கேட்டிருக்கிறார்கள். 624-இல் பத்ருப் போருக்கு முன் நபியவர்கள் ஓர் இடத்தில் முகாம் போட்டார்கள். ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) வந்து முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டார்: "இது அல்லாஹ் காட்டிய இடமா, நாம் நகரக் கூடாதா? அல்லது போர் உத்தியாக நீங்கள் எடுத்த முடிவா?" தன் கருத்துதான் என்றார்கள் நபியவர்கள். "அப்படியென்றால் இது சரியான இடமில்லை, எதிரிக்கு அருகில் உள்ள கிணற்றுக்குப் போவோம்" என்றார் ஹுபாப். முகாம் மாறியது. அவர் கேட்ட அந்த முதல் கேள்வி இருக்கிறதே, இது வஹியா (இறைச்செய்தியா), கருத்தா என்பது, பின்னாளில் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்த விஷயம்.

மதீனாவில் பேரீச்ச மரங்களுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதைப் பார்த்து, அது தேவைப்படாதென்றே நினைக்கிறேன் என்று நபியவர்கள் சொல்ல, விவசாயிகள் விட்டுவிட, விளைச்சல் குறைந்துபோனது. "உங்கள் உலக விஷயங்களை நீங்கள்தான் நன்கு அறிவீர்கள்" என்றார்கள். மக்காவாசிகளோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கை முஸ்லிம்களுக்குப் பாதகமாகத் தெரிந்தபோது உமர் (ரலி), "நாம் சத்தியத்தில்தானே இருக்கிறோம்? பிறகு ஏன் இந்தத் தாழ்வு?" என்று நேராகவே கேட்டார். பேசிய விதத்துக்காகப் பிறகு வருந்தி நிறைய நற்செயல்கள் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது கவ்லா பின்த் ஸஃலபா (ரலி). கணவர் கோபத்தில், "நீ எனக்கு என் தாயின் முதுகு போல" என்று சொல்லிவிட்டார். அந்தக் கால அரபு வழக்கப்படி அது மணவாழ்வுக்கு முடிவு. கவ்லா நபியவர்களிடம் போய், வயதான காலத்தில் இது என்ன நியாயம் என்று விடாமல் வாதாடினார். "உம்மிடம் வாதாடியவளின் பேச்சை அல்லாஹ் கேட்டுவிட்டான்" என்று வசனம் இறங்கியது (58:1). வழக்கம் மாறியது. அந்த அத்தியாயத்தின் பெயரே வாதாடியவளைக் குறிப்பதுதான். பிற்காலத்தில் உமர் கலீஃபாவாக இருந்தபோது, தெருவில் இந்த அம்மா நிறுத்திப் பேசினால் நின்று கேட்டுவிட்டுத்தான் போவாராம்.

9. குர்ஆன் ஒண்ணு, நபி ஒருத்தர். நாலு மத்ஹப் (சட்டப் பள்ளி) ஏன்? ஒண்ணு சரின்னா மத்தது தப்புதானே?

"பனூ குறைளா குலத்தாரின் இடத்தை அடையும் முன் யாரும் அஸர் (பிற்பகல் தொழுகை) தொழ வேண்டாம்" என்று நபியவர்கள் ஒரு படையை அனுப்பினார்கள். வழியிலேயே அஸர் நேரம் முடியப் பார்த்தது. ஒரு சாரார், "வேகமாகப் போகத்தான் அப்படிச் சொன்னார்கள்" என்று வழியில் தொழுதார்கள். இன்னொரு சாரார், சொன்னது சொன்னதுதான் என்று போய்ச் சேர்ந்த பிறகே தொழுதார்கள். விஷயம் நபியவர்களிடம் வந்தது. இரு சாராரில் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. தகுதியுள்ளவர் ஆராய்ந்து சரியாகச் சொன்னால் இரண்டு கூலி, தவறினாலும் ஒரு கூலி என்ற ஹதீஸும் இருக்கிறது.

நம்மூரில் இது தினசரிச் சங்கதி. சிங்கப்பூரில் பெரும்பான்மை ஷாஃபி மத்ஹப். தமிழ் முஸ்லிம்களில் ஷாஃபிகளும் உண்டு, ஹனஃபிகளும் உண்டு; ஒரே வீட்டில் மாமியார் ஒன்று, மருமகள் ஒன்று என்றும் இருக்கும். அஸர் நேரம் ஹனஃபியில் சற்றுத் தள்ளித் தொடங்கும். கடல் உயிரினங்களில் ஹனஃபி நூல்கள் மீனைத்தான் அனுமதிக்கின்றன. ஷாஃபியில் கணவாயும் கூடும். சாப்பாட்டு மேசையில் சோத்தோங் (கணவாய்) சம்பல் தட்டை ஒருவர் தள்ளி வைக்க, பக்கத்தில் இருப்பவர் இழுத்து வைத்துக்கொள்வார். இரண்டு பேரும் ஒரே ஜமாஅத்தில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள்தான். மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் தங்கள் ஆசிரியரும் ஹனஃபி மத்ஹபின் இமாமுமான அபூ ஹனீஃபாவிடமே ஏராளமான சட்டங்களில் மாறுபட்டார்கள். அந்த மாற்றுக் கருத்துகளும் அதே மத்ஹபின் நூல்களில் பத்திரமாக இருக்கின்றன.

10. அப்ப நானே மொழிபெயர்ப்பு படிச்சு முடிவெடுத்துக்கலாமே? எதுக்கு ஹஸ்ரத்?

படிப்பதும் சிந்திப்பதும் உங்கள் உரிமை, "குர்ஆனை ஆழ்ந்து சிந்திக்க மாட்டார்களா?" (4:82) என்பது எல்லோருக்கும் வந்த கேள்வி. தீர்ப்புச் சொல்வது வேறு வேலை. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்பட்டுக் காயம். குளிப்புக் கடமையானது. தண்ணீர் இருக்கும்போது தயம்மும் (மண்ணைக் கொண்டு செய்யும் சுத்தம்) கூடாது என்று கூட இருந்தவர்கள் சொல்லிவிட, குளித்தார், இறந்துபோனார். நபியவர்கள் கடுமையாக, "அவரைக் கொன்றுவிட்டார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா? அறியாமைக்கு மருந்து கேட்பதுதான்" என்றார்கள். கேள்வி கேட்பதை மருந்து என்று சொன்ன இந்த ஹதீஸ், தெரியாமல் பதில் சொன்னவர்களைத்தான் கண்டிக்கிறது.

இங்கே யாரிடம் கேட்பது என்பதில் குழப்பம் குறைவு. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், அதாவது நம்ம முயிஸ், 1968-இல் அமைந்தது. ஃபத்வா (மார்க்கச் சட்டத் தீர்ப்பு) குழு அதன்கீழ்தான் இயங்குகிறது. சமய ஆசிரியர்களை அங்கீகரிக்கும் திட்டம் 2005-இல் தொடங்கி, 2017 முதல் கட்டாயமாகிவிட்டது. பாடம் எடுப்பவர் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழில் பேசும் ஆலிம்கள் வேண்டுமென்றால் டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளி, சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமியா சூலியா பள்ளி போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

11. ஃபத்வா மாறுது. நேத்து ஹராம், இன்னிக்கு ஹலால்னா எதை நம்புறது?

தொழுகை ஐந்து வேளை என்பது மாறாது. புதிய விஷயங்களில் ஆராய்ந்து சொல்லும் முடிவு, விஷயத்தின் நிலை மாறும்போது மாறும். சிங்கப்பூரிலேயே நல்ல உதாரணம், உறுப்பு தானம். 1973-இல் ஃபத்வா குழு கூடாது என்றது. அறுவை சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு கூடியது, உயிர் காக்கும் தேவை தெளிவானது. 1986-இல் சிறுநீரக தானத்துக்கு அனுமதி வந்தது. 1987-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டம் முஸ்லிம்களைச் சேர்க்காமல்தான் இயற்றப்பட்டது. 2007-இல் வந்த ஃபத்வா அதற்கும் வழிவிட, 2008 முதல் முஸ்லிம்களும் அச்சட்டத்தின்கீழ் வருகிறார்கள். இந்த முப்பத்தைந்து ஆண்டுகளும், உயிரைக் காப்பது என்ற அடிப்படை அப்படியேதான் இருந்தது.

2020 மார்ச்சில் கொவிட்டுக்காகப் பள்ளிவாசல்களை மூடி ஜும்ஆவை (வெள்ளிக்கிழமைத் தொழுகையை) நிறுத்தியது, 2024-இல் ஆய்வகத்தில் வளர்த்த இறைச்சி பற்றி நிபந்தனையோடு கூடும் என்றது எல்லாம் இதே வகை. முடிவை மட்டும் படித்துவிட்டுக் கோபப்படாமல் காரணங்களையும் படியுங்கள். எழுதித்தான் வெளியிடுகிறார்கள்.

12. பகுத்தறிவுக்கு இடம் குடுத்த முஃதஸிலாக்களை ஒழிச்சுட்டாங்கன்னு படிச்சேன். அப்ப இஸ்லாம் அறிவுக்கு எதிரிதானே?

கதை நேர்மாறாகவும் இருக்கிறது. அறிவுக்கு முதலிடம் தந்த முஃதஸிலாக்கள் குர்ஆன் படைக்கப்பட்டது, என்றென்றும் இருந்ததல்ல என்றார்கள். 833-இல் கலீஃபா மஃமூன் அதையே அரசுக் கொள்கையாக்கி, ஆலிம்களைக் கூப்பிட்டு விசாரித்தார்; ஒப்புக்கொள்ளாதவர்களுக்குச் சிறை. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் சவுக்கடி வாங்கினார். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அல்லாஹ்வின் வேதத்திலிருந்தோ நபியின் வழியிலிருந்தோ ஆதாரம் கொண்டுவாருங்கள்." பகுத்தறிவாளர்கள் சவுக்கைத் தூக்க, மரபுவாதி ஆதாரம் கேட்டு நின்ற காட்சி இது. பின்னால் வந்த கலீஃபா முதவக்கில் காலத்தில் காற்று திசைமாற, நெருக்கடி மறுபக்கத்துக்கு வந்தது. இரண்டு தடவையும் கெடுதல் செய்தது அரசு அதிகாரம் விவாதத்துக்குள் புகுந்ததுதான் என்பது என் கருத்து.

அறிவோடு அறிவு மோதிய வரலாறும் உண்டு. கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன், அவர்கள் சொல்வதைக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் தானே உட்கார்ந்து படித்து, எதிர்ப்பேதும் சேர்க்காமல் தனி நூலாகவே எழுதினார். பிறகுதான் மறுப்பு. அவருக்கு அடுத்த தலைமுறையில் பிறந்த ஸ்பெயின் நாட்டுக் காழி (நீதிபதி) இப்னு ருஷ்து (1126-1198) அந்த மறுப்பைப் பத்தி பத்தியாக எடுத்துப் போட்டு மறுத்தார். இரண்டையும் இன்றும் படிக்கிறார்கள்.

13. தமிழ்ல இப்படிக் கேள்வி-பதில் மரபு ஏதாவது இருந்துச்சா?

இருந்தது. முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் ஆயிர மசலா, 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபியவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, பதிலில் தெளிந்து இஸ்லாத்தை ஏற்பதுதான் நூலே. மசலா (கேள்வி) என்று ஒரு நூல் வகையே பிறகு வளர்ந்தது. "நம்ம ஆளுங்க கேள்வி கேக்குறது இப்ப யூடியூப் வந்த பிறகுதான்" என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு.

14. யூடியூப்ல மேடை போட்டு மோதிக்கிறாங்களே, அதுதான் மார்க்க விவாதமா?

பார்க்க விறுவிறுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விவாதத்துக்குக் கஸ்ஸாலி வைத்த நிபந்தனைகளில் இரண்டை எடுத்துப் பாருங்கள்: கூட்டத்தின் முன் விவாதிப்பதைவிடத் தனியாக விவாதிப்பது மேல், உண்மை யார் வாயிலிருந்து வந்தாலும் மகிழ வேண்டும். கைதட்டலுக்கு ஆள் சேர்த்து, எதிரி திணறும் இடத்தை மட்டும் வெட்டி ஒரு நிமிடக் காணொளியாக்குவது இந்த இரண்டிலும் தேறாது. தன் பக்கம் சரியாக இருந்தும் தர்க்கத்தை விட்டவருக்குச் சொர்க்கத்தின் ஓரத்தில் ஒரு வீட்டுக்கு நான் பொறுப்பு என்று நபியவர்கள் சொன்ன ஹதீஸையும் இங்கே நினைக்கலாம்.

நல்ல விவாதத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் இப்னு அப்பாஸ் (ரலி). அலீ (ரலி) அவர்களை எதிர்த்துப் பிரிந்துபோன கவாரிஜ்களின் முகாமுக்குத் தானே போய், "உங்கள் குறைகள் என்னென்ன?" என்று முதலில் கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் குர்ஆனிலிருந்தே பதில் சொல்லி, "இது தீர்ந்ததா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்ததற்குப் போனார். ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள்.

15. தேசிய சேவையில பங்க்ல (முகாம் படுக்கையறையில) படுத்துக்கிட்டு சீன நண்பன் "ஏன் பன்றி சாப்பிட மாட்ட"ன்னு கேக்குறான். அறிவியலா எதாவது சொல்லணுமே?

நாடாப்புழுக் கதையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். "நல்லா வேக வச்சா?" என்று அவன் அடுத்துக் கேட்பான், அங்கேயே வாதம் விழுந்துவிடும், அதோடு உங்கள் மார்க்கமும் விழுந்த மாதிரி உங்களுக்கே தோன்றும். குர்ஆன் அதை அசுத்தம் என்று விலக்குகிறது (6:145), நான் கீழ்ப்படிகிறேன், அவ்வளவுதான் என்று நேராகச் சொல்லுங்கள். கஅபாவில் உள்ள ஹஜருல் அஸ்வத் கல்லை முத்தமிட்டபோது உமர் (ரலி) சொன்னார்: "நீ வெறும் கல், நன்மையும் செய்ய மாட்டாய், தீமையும் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நபி முத்தமிடுவதை நான் பார்த்திராவிட்டால் முத்தமிட்டிருக்க மாட்டேன்." இல்லாத காரணத்தை அவர் ஜோடிக்கவில்லை.

குர்ஆனை ஏன் இறைவேதம் என்று நம்புகிறாய் என்று அவன் அடுத்துக் கேட்டால், அங்கேதான் உண்மையான பேச்சு தொடங்கும். அதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டும். "அழகிய முறையில் விவாதியுங்கள்" (16:125) என்பதோடு, "அவர்கள் வணங்குபவற்றை ஏசாதீர்கள்" (6:108) என்பதும் கட்டளைதான்.

16. இங்க மத்த மதத்தவரோட மதம் பேசினா சட்டப் பிரச்சினை வருமா?

நண்பர்கள் உட்கார்ந்து மரியாதையாகப் பேசுவதில் ஒன்றும் வராது. பகையைத் தூண்டுவதும் இழிவுபடுத்துவதும்தான் குற்றம். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-இல் வந்தது, 2019-இல் திருத்தப்பட்டது. மிம்பரும் (பள்ளிவாசல் பிரசங்க மேடையும்) இதற்கு விலக்கல்ல: யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக ஒரு துஆவைத் தொழுகையில் ஓதியதற்காக 2017-இல் ஓர் இமாமுக்கு 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டு, அவர் தாயகத்துக்கு அனுப்பப்பட்டார். பிற சமயத் தலைவர்களிடம் நேரில் மன்னிப்பும் கேட்டார். சமயங்களுக்கிடையிலான அமைப்பு இங்கே 1949 முதல் இயங்குகிறது. பீஷானில் அந்நஹ்தா பள்ளிவாசலில் உள்ள நல்லிணக்க மையத்துக்கு எந்த மதத்தவரும் வந்து எந்தக் கேள்வியும் கேட்கலாம்.

17. எல்லாம் கேட்டுட்டேன். இன்னும் நம்பிக்கை வரல. வீட்ல சொன்னா என்ன ஆகும்?

இதை என்னிடம் மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். 3-ஆம் பதிலை முதலில் படியுங்கள். சந்தேகத்தில் இருப்பதும் விட்டுவிடுவதும் ஒன்றல்ல. மரபான சட்ட நூல்களில் மதம் மாறியவருக்கு மரண தண்டனை எழுதப்பட்டிருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. அது போர்க்காலத் துரோகத்தோடு சேர்ந்த சட்டம், வெறும் மனமாற்றத்துக்கு உரியதல்ல என்று இக்கால அறிஞர்கள் பலர் வாதிடுகிறார்கள், "மார்க்கத்தில் கட்டாயம் இல்லை" (2:256), "மக்கள் நம்பிக்கையாளர்களாகும்வரை அவர்களை நீர் நிர்ப்பந்திப்பீரா?" (10:99) என்பவை அவர்கள் காட்டும் வசனங்கள். சிங்கப்பூரில் சமய சுதந்திரத்தை அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தருகிறது; நம்பிக்கை மாறியதற்குத் தண்டனை என்று எதுவும் இங்கே இல்லை.

வீடு வேறு. அழுகை வரும், அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற பேச்சு வரும். கோபத்தின் நடுவில், பெருநாள் விருந்தில், எல்லோர் முன்னும் அறிவிக்காதீர்கள். உங்கள் பேச்சை முழுசாகக் கேட்கக்கூடிய ஒருவரை, ஒரு ராத்தாவோ மாமாவோ, முதலில் பிடியுங்கள். பெற்றோரே, பிள்ளை இதைச் சொன்னால் 6-ஆம் பதிலில் உள்ள அந்த இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார வைத்தார்கள் அல்லவா.

18. ஹஸ்ரத்கிட்ட கேட்டா "தெரியல"ங்குறார். இனி அவர்கிட்ட கேட்டு என்ன பிரயோஜனம்?

ஒருவர் வெகுதூரம் பயணம் செய்து, நான்கு மத்ஹப் இமாம்களில் ஒருவரான மாலிக்கிடம் ஒரு கேள்வியோடு வந்தார். "எனக்குத் தெரியாது" என்றார் இமாம். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே, ஊரில் போய் என்ன சொல்வது?" என்று கேட்டவரிடம், "மாலிக்குக்குத் தெரியாதாம் என்று சொல்" என்றார். அடுக்கடுக்காகக் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர் அப்படியே பதில் சொன்ன நாளும் உண்டு.

அவரிடமே திரும்பப் போங்கள். போகும்போது கேள்வியை எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன நடந்தது, எந்த மத்ஹப், இதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்று. ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள், அவர் பார்த்துச் சொல்வார். இல்லாவிட்டால் முயிஸில் உள்ள முஃப்தி அலுவலகத்துக்கு அதே தாளை அனுப்பலாம்.